மலை பிரித்ததா, மழை பிரித்ததா? மேற்குத் தொடர்ச்சி மலை உயிரினங்களின் பரிணாமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் மலை ஏறாமலேயே மலைத்தொடரைக் கடந்துவிடுகிறார்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குத் தட்டையான தரை. இரண்டு பக்கத்து உச்சிகளிலும் ஒரே மாதிரிச் சோலைகள்தான் இருக்கின்றன. ஆனால் அந்தச் சோலைகளுக்குள் கூவும் பறவைகளும் கத்தும் தவளைகளும் வேறு வேறு. நிலத்தின் மாற்றமும் காலநிலையின் மாற்றமும் உயிரினங்களை எப்படி உருவாக்குகின்றன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் நமக்குப் பக்கத்தில் இல்லை. அதனால் கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த மலையையே சுற்றி வருகின்றன.

நிலமும் காலநிலையும் பரிணாமத்தில் உண்மையில் என்ன வேலை செய்கின்றன?

இரண்டு வேலைகள். ஒன்று, ஒரே இனமாகக் கூடி வாழ்ந்த கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றோடொன்று இணைசேர முடியாமல் செய்வது. மலை எழும்புவது, கடல் நுழைவது, காடு சுருங்கி நடுவில் வறண்ட நிலம் விழுவது எல்லாம் இந்த வகை. மற்றொன்று, எது பிழைக்கும், எது பிழைக்காது என்ற சல்லடையின் கண்ணை மாற்றுவது. மழை குறைந்தால் வறட்சி தாங்கும் செடி நிற்கும்; உறைபனி வந்தால் அது தாங்காத நாற்று கருகும்.

இவை செய்யாத வேலை ஒன்றும் உண்டு. வேறுபாடுகளை இவை உண்டாக்குவதில்லை. டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது விழும் சிறு பிழைகளாலும், தாய் தந்தை மரபணுக்கள் கலப்பதாலும் வேறுபாடுகள் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். பிரிந்த இரண்டு கூட்டங்களிலும் வேறு வேறு பிழைகள் சேரும், வேறு வேறு சல்லடை சலிக்கும். போதுமான காலம் போனால், மறுபடி சந்தித்தாலும் அவை ஒன்றாகச் சேராது.

"தேவைப்பட்டதால் உடல் மாறிக்கொண்டது" என்று சொன்னால் என்ன தவறு?

நடக்கும் ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னே மேஜர் என்ற சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இருவரும் குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, காலில் வளையம் போட்டுப் பல பத்தாண்டுகள் கணக்கு வைத்தார்கள். 1977-ல் கடும் வறட்சி. சிறிய, மெல்லிய விதைகள் தீர்ந்துபோய், கெட்டியான பெரிய விதைகளே மிஞ்சின. நடுத்தரத் தரைக்குருவிகளில் சுமார் 85 சதவீதம் செத்தன. பிழைத்தவற்றில் பெரும்பாலானவை தடித்த அலகு உள்ளவை. அவற்றின் குஞ்சுகளுக்கும் தடித்த அலகு வந்தது. தலைமுறையின் சராசரி உயர்ந்தது.

எந்தக் குருவியும் பட்டினியில் தன் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. தடித்த அலகு வறட்சிக்கு முன்பே சிலவற்றிடம் இருந்தது. 1982–83-ல் எல் நினோ வந்து பெருமழை கொட்டியபோது சிறு விதைகள் பெருகின; அடுத்த வறட்சியில் சிறிய அலகுக்காரர்களுக்கு லாபம், சராசரி எதிர்ப்பக்கம் திரும்பியது. காலநிலை ஒரே திசையில் தள்ளாதபோது பரிணாமமும் முன்னும் பின்னும் ஆடும். நீண்டகால மாற்றம் வர, ஒரே பக்கத்துத் தள்ளல் பல தலைமுறை நீடிக்க வேண்டும், அல்லது கூட்டம் பிரிந்துபோக வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நில வரலாறு சுருக்கமாக என்ன?

நீலகிரியின் சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. ஆனால் பாறையின் வயது வேறு, அது மலையாக நிற்கும் வயது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

இந்தியா ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற தென் பெருங்கண்டத்தின் பகுதி. ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்த பின் மடகாஸ்கரோடு ஒட்டியிருந்தது. சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் கழன்றது. நம் மேற்குக் கரை அப்போது கிழிந்த விளிம்பு. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது; இன்றும் அது சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரைப் படிக்கட்டுப் படிக்கட்டாக மூடிக் கிடக்கிறது. அதை ஒட்டிய காலத்தில் செஷல்ஸ் தீவுகள் பிரிந்தன. அப்புறம் இந்தியா வடக்கே பாய்ந்தது. உச்சத்தில் ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வேகம்; இன்று சுமார் 5 சென்டிமீட்டர். சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கி, இமயம் எழுந்தது.

இந்தப் பயணத்தில் இந்தியா தென் அரைக்கோளத்திலிருந்து நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வந்தது. அதாவது, மேலிருந்த உயிர்கள் நகராமலேயே அவற்றின் காலநிலை மாறியது.

அந்தப் பயணத்தின் சாட்சியாக இன்று உயிரோடு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, மண்ணுக்கடியில். ஊதாத் தவளையை 2003-ல் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி பாசுய்ட்டும் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். இடுக்கியில் மலைவாழ் மக்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த உயிர்தான். மலையாளத்தில் பாதாளத் தவள என்கிறார்கள்.

சுமார் 7 சென்டிமீட்டர் நீளம், ஊதிய பலூன் போன்ற உடல், அதன் முனையில் செருகி வைத்ததுபோல ஒரு சின்னத் தலை, வெளுத்த கூர்மூக்கு. பின்காலில் மண்வெட்டி போலக் கெட்டியான ஒரு மேடு. அதை வைத்துப் பின்பக்கமாக மண்ணைத் தோண்டி இறங்கும். கறையான் அதன் முக்கிய உணவு. ஆண்டு முழுக்கக் கீழேயே இருந்துவிட்டு, முதல் கோடைமழை இறங்கியதும் இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் மேலே வரும். அதன் தலைப்பிரட்டைகள் குளத்தில் நீந்துவதில்லை. வாயே உறிஞ்சியாக, பாறையில் வழியும் வேகநீருக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்கின்றன. மழை தவறினால் அந்தப் பாறை காய்ந்துவிடும், ஆண்டின் குஞ்சு அத்தனையும் போய்விடும்.

இதன் பேரினத்துக்கு வெளியே நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் இல்லை, செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். சூக்ளோசிடே என்ற அந்தக் குடும்பத்தில் சில தவளைகள் நகத்தளவுதான். இன்று நடுவில் இந்தியப் பெருங்கடல். தவளையின் தோல் உப்புநீரைத் தாங்காது. ஆகவே இவை கடலைத் தாண்டவில்லை, இவற்றைச் சுமந்த நிலம்தான் பிரிந்தது என்பதே பொருந்தும் விளக்கம்.

இங்கே ஒரு நுணுக்கம். இரண்டு குடும்பங்களின் கிளை சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன் பிரிந்ததாக 2003 ஆய்வு கணக்கிட்டது. பின்வந்த கணக்குகளில் இந்த எண் குறைந்தும் வந்திருக்கிறது. 13 கோடி என்றே வைத்துக்கொண்டால், செஷல்ஸ் பிரிவதற்கு முன்பே, ஒரே நிலத்தில் இருந்தபோதே, கிளைகள் பிரிந்துவிட்டன என்றாகும். கடல் அவற்றை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே பிரிந்திருந்ததை உறுதிப்படுத்தியது. நிலம் பிரிந்த தேதியும் கிளை பிரிந்த தேதியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்த எடுப்பில் நினைத்துவிடக் கூடாது.

ஒரே மலையின் கிழக்கும் மேற்கும்கூட இனங்களைப் பிரிக்குமா?

பிரிக்கும். இதே ஊதாத் தவளைப் பேரினத்தில் இரண்டாவது இனம் ஒன்று 2017-ல் விவரிக்கப்பட்டது. இடம் திருவில்லிபுத்தூர், மலையின் கிழக்குச் சரிவு. ஊர்வன, நீர்நில வாழ்விகள் ஆய்வாளர் சு. பூபதியின் நினைவாக அதற்குப் பெயரிட்டார்கள்.

மேற்குச் சரிவில் இருப்பது தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்னான மழைக்கு வெளியே வருகிறது. கிழக்குச் சரிவு அந்தப் பருவத்தில் மழைமறைவு. அங்கே ஓடை ஓடுவது ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்த பிறகுதான். கிழக்குத் தவளை அந்த மழையில் இனப்பெருக்கம் செய்கிறது. மேற்குக்காரன் கத்தும் மாதத்தில் கிழக்குக்காரன் மண்ணுக்கடியில். இணைசேரும் காலமே ஒன்றாக இல்லாதபோது, நடுவில் நிற்கும் மலைமுகடு குட்டையாக இருந்தாலும் போதும். மலை இரண்டு பருவமழைகளைப் பிரிக்கிறது; தவளைகளைப் பிரிப்பது அந்த மழைகளின் நாட்காட்டி.

பாலக்காட்டுக் கணவாய் எந்த அளவுக்குத் தடையாக இருக்கிறது?

கணவாயின் தரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர்தான். வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். குளிர்ந்த சோலையில் வாழும் சிறு பறவைக்கு இந்த 140 மீட்டர் உயரத் தரை ஒரு கடல் மாதிரி.

தெளிவான உதாரணம் சோலைக்கிளி எனப்படும் பறவைகள். (பெயரில் உள்ள கிளி மலையாளக் கிளி. அங்கே எந்தச் சிறு பறவையும் கிளிதான், பச்சைக்கிளி அல்ல.) இவை பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேலே சோலையின் தரையோரம் புழு பூச்சி தேடும். கணவாய்க்கு வடக்கே உள்ளதற்கு வயிற்றுப் பக்கங்கள் செம்பழுப்பு. தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் உள்ளதற்கு அந்த இடம் நீலச்சாம்பல். இன்னும் தெற்கே, செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் அசம்பு மலையில் இருப்பது மூன்றாவது இனம். அதைத் தனி இனமாக 2017-ல் பிரித்தார்கள். டிஎன்ஏ வேறுபாடு பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கங்களுக்கிடையே அதிகம், செங்கோட்டையின் இரு பக்கங்களுக்கிடையே குறைவு. அகலத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்: பாலக்காடு 30 கிலோமீட்டருக்கு மேல், செங்கோட்டை சுமார் 8.

சமவெளியில் தாராளமாக நடக்கும் யானைக்குக்கூட இந்தத் தடை பதிவாகியிருக்கிறது. நீலகிரி யானைகளுக்கும் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை யானைகளுக்கும் மரபணுவில் தெளிவான வேறுபாடு இருப்பதாக 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்படியானால் கணவாய் உண்டானபோதுதான் இந்த இனங்கள் பிரிந்தனவா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கணவாய் அமைந்திருக்கும் பிளவு மண்டலம் 50 கோடி ஆண்டுக்கும் பழையது. பறவைகள் பிரிந்தது வெறும் சில லட்சம், சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள். பள்ளம் எப்போதும் அங்கேயே இருந்தது. அதை யார் எப்போது தாண்டலாம் என்பதைக் காலநிலைதான் மாற்றி மாற்றி எழுதியது. ஈரமும் குளிரும் கூடிய காலத்தில் காடு கீழே இறங்கி நெருங்கும், வறண்டால் விலகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறைகிறது. கடைசிப் பனியுக உச்சத்தில் வெப்பமண்டல மலைகள் ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்திருந்தன என்று கொண்டால், குளிர்ப்பட்டை 800 மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கீழே இறங்கும். 1,400 மீட்டர் எல்லை சுமார் 570 மீட்டருக்கு வரும். பாலக்காட்டுத் தரை 140 மீட்டர். இன்னும் 400 மீட்டருக்கு மேல் இடைவெளி, அதுவும் பல கிலோமீட்டர் அகலத்துக்கு. அத்தோடு பனியுகத்தில் பருவமழையும் வலுவிழந்திருந்தது. குளிர் இருந்தாலும் ஈரம் இல்லை. ஆகவே பனியுகம் வந்தாலே பாலக்காட்டில் பாலம் போட்டுவிடும் என்று எழுதுவது தவறு.

இனங்கள் பிரிந்த காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எங்கே பிசகும்?

மூலக்கூறு கடிகாரம் என்ற முறையில். படிகள் எளியவை. இரண்டு இனங்களிலிருந்து ஒரே மரபணுத் துண்டை எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். 1,000 எழுத்தில் 80 வேறுபட்டால் 8 சதவீதம். பறவைகளின் மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் இரு கிளைகளுக்கிடையே பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் வேறுபாடு சேரும் என்பது பரவலாகப் பயன்படும் வேகம். 8-ஐ 2-ஆல் வகுத்தால் 4. அதாவது 40 லட்சம் ஆண்டு.

பிசகும் இடங்கள் பல. வேகம் 1 சதவீதம் என்று எடுத்தால் அதே பறவைக்கு 80 லட்சம் ஆண்டு வரும்; விடை முழுக்க வேகத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கிறது. மிகப் பழைய பிரிவுகளில் ஒரே எழுத்து பலமுறை மாறி, முந்தைய மாற்றம் மறைந்துபோகும். வயது குறைவாகத் தெரியும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவதால் ஆண்கள் கணவாயைத் தாண்டிச் சென்று கலந்திருந்தாலும் அதில் தெரியாது. உட்கரு மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரபணு பிரிந்த காலம் இனம் பிரிந்த காலத்தைவிடப் பெரும்பாலும் முந்தையது என்பதும் உண்டு.

எல்லாவற்றிலும் மோசமானது வட்டவாதம். "செஷல்ஸ் 6.5 கோடி ஆண்டில் பிரிந்தது, ஆகவே இந்தத் தவளைகளும் அப்போதே பிரிந்தன" என்று கடிகாரத்தை முடுக்கிவிட்டு, கடைசியில் "தவளைகள் 6.5 கோடி ஆண்டில் பிரிந்ததால் நிலம்தான் காரணம்" என்று முடிப்பார்கள். கடிகாரத்தைச் சரிசெய்யத் தொடர்பில்லாத ஒரு புதைபடிவம் வேண்டும். ஒரு கட்டுரையில் வயதைப் படித்ததும் நீங்கள் தேட வேண்டியது, கடிகாரத்தை எதை வைத்துச் சரிசெய்தார்கள் என்ற வரியை. அதோடு, எண்ணுக்குப் பக்கத்தில் கீழ் எல்லையும் மேல் எல்லையும் இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

பழைய காலநிலையை மட்டும் எப்படி அறிகிறார்கள்?

நீலகிரியில் அதற்கு ஒரு நல்ல ஏடு இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா போன்ற பள்ளத்தாக்குகளில், செத்த செடிகள் முழுசாக மக்காமல் கறுப்புச் சேறாகப் படிந்து கிடக்கின்றன. அடியில் பழையது, மேலே புதியது. ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சேற்றிலிருந்து சுமார் 20,000 ஆண்டு வரலாற்றைப் படித்தது.

செடிகள் கார்பனைச் சேர்க்கும் வழி இரண்டு வகை. மரங்களும் ஈரம் விரும்பும் செடிகளும் சி3 வழி. வறட்சி தாங்கும் வெப்பமண்டலப் புற்கள் பெரும்பாலும் சி4 வழி. கனமான கார்பன்-13, சாதாரண கார்பன்-12 இரண்டின் விகிதத்தை ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டு அளந்தால் சி3 செடி ஆயிரத்துக்கு மைனஸ் 27 அளவிலும், சி4 புல் மைனஸ் 12 அளவிலும் நிற்கும். செடி மக்கிச் சேறானாலும் இந்த விகிதம் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

வேலை இப்படி நடக்கும்: குழி வெட்டி, சுவரிலிருந்து சில சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆழம் எழுதி, மெல்லிய வேர்களை ஊசிமுனையால் பொறுக்கி, அமிலத்திலும் காரத்திலும் கழுவி, கார்பன்-14 முறையில் வயது பார்ப்பது. வேர் பொறுக்கும் வேலையில் சோம்பல் பட்டால் எல்லாம் வீண். மேலே வளரும் இன்றைய புல்லின் வேர் அடி அடுக்குவரை இறங்கியிருக்கும்; 15,000 ஆண்டுச் சேறு 9,000 ஆண்டு என்று வந்துவிடும். மேலிருந்து கரைந்து இறங்கும் மட்கு அமிலமும் இதே தவறைச் செய்யும்.

தெரியவந்தது என்ன? பனியுக உச்சத்தை ஒட்டிச் சி4 புல் ஓங்கியிருந்தது, வறட்சி. சுமார் 11,000 ஆண்டுக்கு முன் சி3 பக்கம் வலுவாகச் சாய்ந்தது, பருவமழை பலமானது. பின்னர் மறுபடி வறண்ட காலம் வந்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பனியுகத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 190 பங்குக்கும் கீழே இருந்தது. கார்பன் குறைந்தாலும் சி4 புல்லுக்குச் சாதகம். ஆகவே சி4 கூடியதற்கு முழுப் பழியையும் வறட்சிமேல் போட முடியாது. சேற்றில் புதைந்த மகரந்தத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் நிச்சயம்.

சோலைக்கு நடுவே உள்ள புல்வெளி, மனிதர் காட்டை அழித்ததால் வந்ததா?

நீலகிரி உச்சிப் புல்வெளி இயற்கையானது. மேலே சொன்ன சேறு 20,000 ஆண்டுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டுகிறது. மார்கழி, தை இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழும். விடியலில் புல் வெள்ளையாகக் கிடக்கும். சோலை மர நாற்று அதில் கருகிவிடும். சோலைக்குள்ளே மேல்விதானம் போர்வையாக நிற்பதால் அங்கே மட்டும் நாற்று பிழைக்கும். வரையாடு வாழ்வது இந்தப் புல்லையும் பாறையையும் நம்பி. "வெற்றிடம்" என்று நினைத்து இங்கே சீகை மரமும் தைல மரமும் நட்டது, பல ஆயிரம் ஆண்டுக் காலநிலை உருவாக்கிய ஒரு வாழிடத்தை ஒரு நூற்றாண்டுக்குள் மூடிய பெரும் பிழை.

இலங்கை பலமுறை நம் நிலத்தோடு ஒட்டியிருந்தும் அங்கே ஏன் வேறு இனங்கள்?

பாக் நீரிணை பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம். பனியுக உச்சத்தில் கடல் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ராமேசுவரத்திலிருந்து மன்னாருக்கு அப்போது நடந்தே போகலாம். யானையும் சிறுத்தையும் அந்த வழியை எளிதில் கடக்கக் கூடியவை. ஆனால் 2004-ல் வெளியான விரிவான ஒப்பீடு தவளைகள், நன்னீர் மீன்கள், நன்னீர் நண்டுகள், மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் ஆகியவற்றில் இலங்கைக் கிளைகள் பெரும்பாலும் தனியே நிற்பதைக் காட்டியது.

காரணம் வரைபடத்தில் அல்ல, மழைமானியில் இருக்கிறது. இலங்கையின் ஈரக்காடு தென்மேற்கு மூலையில். சிங்கராஜாவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் ஈரக்காடு மேற்கு மலையில். இடையில் ராமநாதபுரம், மன்னார், அனுராதபுரம் என வறண்ட சமவெளி. கடல் விலகிய அதே காலத்தில் மழையும் விலகியதால், நிலப்பாலம் தோன்றியபோது அது காய்ந்த பாலமாக இருந்தது. ஈரத்தோல் தவளைக்கு உலர்ந்த முள்காடும் கடலும் ஒன்றுதான்.

இமயத்தில் உள்ள செடியும் ஆடும் நீலகிரியில் இருப்பது எப்படி?

செடியும் ஆடும் இரண்டு வேறு கதைகள். செந்நிறப் பூ பூக்கும் காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) நீலகிரியில் இருக்கிறது, இலங்கை மலைகளிலும் இருக்கிறது, நெருங்கிய சொந்தம் இமயத்தில். இடையிலுள்ள ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் இன்று அதற்கேற்ற குளிர் இல்லை. குளிர்ந்த காலங்களில் இடைமலைகள் வழியாகப் பரவி, சூடு ஏறியபோது உச்சிகளில் மட்டும் தங்கிவிட்டது என்பது ஏற்கத்தக்க விளக்கம்.

வரையாட்டையும் இதே கதையில் சேர்த்து, இமயத் தார் ஆட்டின் தம்பி என்று நெடுங்காலம் எழுதினார்கள். 2005-ல் டிஎன்ஏ ஒப்பிட்டபோது, வரையாட்டின் நெருங்கிய சொந்தம் செம்மறிக் கூட்டம் என்று தெரிந்தது. செங்குத்துப் பாறை இரண்டு ஆடுகளையும் ஒரே மாதிரி வார்த்திருக்கிறது. தோற்றம் ஒத்துப்போவதை மட்டும் வைத்து வந்த வழியைச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

அரியலூரில் கிடைக்கும் கடற்சிப்பிக் கல்லுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 10 கோடி ஆண்டை ஒட்டி அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் கடல் ஏறி வந்தது. அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிர்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன, 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவோடு அந்தக் குலமே முடிந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது (அணை இருக்கும் சாத்தனூர் வேறு). விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையின் கல்மரங்கள் அதைவிட மிக இளையவை, சுமார் 2 கோடி ஆண்டு. அவற்றுக்கு வேரோ கிளையோ இல்லாததால் வெள்ளம் அடித்துவந்து புதைத்தவை என்று கொள்கிறார்கள்.

இரண்டுமே பாதுகாக்கப்பட்ட இடங்கள். துண்டு எடுத்துவரக் கூடாது. வேறெங்காவது வயலிலோ ஓடையிலோ ஏதாவது தென்பட்டால் பெயர்க்காமல், பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ வைத்துப் படமெடுத்து, இருப்பிடத்தையும் எந்த மண் அடுக்கில் இருந்தது என்பதையும் குறித்து, அருங்காட்சியகத்துக்கோ நிலவியல் துறைக்கோ தெரிவியுங்கள். அடுக்கிலிருந்து பிரித்த படிவம் வயதை இழந்துவிடும். உருண்டைக் கல்லைப் பார்த்து டைனோசர் முட்டை என்று பரப்பிவிடாதீர்கள். கடல்படிவில் தாதுக்கள் திரண்டு உருண்டையாவது சாதாரணம்.

இப்போதைய வெப்ப உயர்வுக்கும் உயிரினங்கள் இப்படியே பழகிக்கொள்ளாதா?

வேகத்தைப் பாருங்கள். பனியுக உச்சத்திலிருந்து மீண்ட வெப்ப உயர்வுக்குச் சுமார் பத்தாயிரம் ஆண்டு ஆனது. இப்போது 1 டிகிரிக்கு மேல் ஏறியது ஒன்றரை நூற்றாண்டுக்குள். அதே 0.6 கணக்கில் 2 டிகிரி ஏற்றம் என்றால், அதே குளிருக்கு 330 மீட்டர் மேலே போக வேண்டும். 1,400 மீட்டரில் தொடங்கும் சோலைப் பறவையின் எல்லை 1,730-க்கு ஏறும். மலை கூம்பு மாதிரி. மேலே போகப் போகப் பரப்பு குறையும். உச்சி 1,800 மீட்டரில் முடியும் மலையில் அதற்கு மிஞ்சுவது 70 மீட்டர் பட்டை. அசம்பு போன்ற சிறு மலைத்தொகுதிகளின் இனங்களுக்கு இது மிக ஆபத்தானது. முன்பெல்லாம் கீழிறங்கிப் பரவ வழி இருந்தது. இன்று அந்த உயரங்களில் தேயிலை, சாலை, ஊர்.

ஊதாத் தவளைக்குச் சிக்கல் வெப்பத்தைவிட மழையின் நேரத்தில். முதல் மழையை நம்பி முட்டையிட்டபின் மூன்று வாரம் மழை நின்றால், பாறையில் ஒட்டிய தலைப்பிரட்டைக்குப் போக இடமில்லை.

பொதுமக்கள் செய்யக்கூடிய பயனுள்ள பதிவு ஏதாவது உண்டா?

உயரம் குறித்த பதிவு. ஒரு பறவையையோ தவளையையோ பார்த்தால் பெயரைவிட முக்கியம் நாள், நேரம், இருப்பிடம், கடல்மட்டத்திலிருந்து உயரம். கைபேசியின் உயரக் கணக்கு மலைச்சரிவில் பல மீட்டர் தவறக் கூடும். இருப்பிடப் புள்ளியைப் பதிந்துவிட்டு, உயரத்தை நிலவரைபடத்தின் சமவுயரக் கோட்டில் சரிபாருங்கள். தவளை என்றால் சத்தத்தை ஒரு நிமிடமாவது பதிவு செய்து, கடைசி மழை எப்போது பெய்தது என்றும் சேர்த்து எழுதுங்கள். அதே வழியில் ஒவ்வொரு ஆண்டும் அதே வாரத்தில் நடந்து, ஒன்றும் காணாத நாளையும் "காணவில்லை" என்று பதியுங்கள். ஒரு இனம் எந்த உயரத்திலிருந்து மறைந்தது என்று பத்து ஆண்டு கழித்துக் கேட்கும்போது, விடை அந்தக் "காணவில்லை" வரிகளில்தான் இருக்கும்.